சுவரில் எடுத்தது எவ்வளவு, பேட்டரியில் சேர்ந்தது எவ்வளவு? கம்பியில்லா மின்சாரத்துக்குத் தரவிதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வயர்லெஸ் சார்ஜிங் சாதனங்களுக்கும், கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பும் மற்றக் கருவிகளுக்கும் தரவிதி எழுதும் குழுக்களுக்கு. அந்தக் குழுக்களில் இடம்பெற்று வாக்களிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு:

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் சான்று கொடுக்கும் ஒவ்வொரு சார்ஜரின் பெட்டியிலும், அது பிளக் பாயிண்டிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் பேட்டரிக்குள் போய்ச் சேர்கிறது என்பதை அச்சிட வேண்டும் என்று விதி எழுதுங்கள். போனைச் சரியாக நடுவில் வைத்தால் எவ்வளவு, கொஞ்சம் விலகி வைத்தால் எவ்வளவு, ஒன்றும் வைக்காமல் சும்மா செருகியே வைத்திருந்தால் எவ்வளவு இழுக்கிறது, இந்த மூன்றும் தெரிய வேண்டும். இப்போது பெட்டியில் பெரிதாக இருப்பது ‘15 வாட்’ என்பது போன்ற ஒற்றை எண்தான். மைலேஜைச் சொல்லாமல் உச்ச வேகத்தை மட்டும் சொல்லி வண்டி விற்பது மாதிரி இருக்கிறது இது.

இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு சார்ஜிங் தட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் யாருக்கும் அது வரும். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். உற்றுப் பார்த்தால் அது ஒற்றைக் கம்பி இல்லை. முடியளவு மெல்லிய பல இழைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எனாமல் பூச்சு, எல்லாம் சேர்த்து முறுக்கியது. அதிக அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலிலேயே ஓடப் பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. சுருளுக்கு அடியில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தகடு. காந்தப்புலம் கீழே கசிந்து மேஜையிலோ சர்க்யூட் போர்டிலோ வீணாகாமல் மேல்நோக்கித் திருப்பிவிடுவது அதன் வேலை. சுருளின் நடுவில் கடுகளவு வெப்ப உணரி. அவ்வளவுதான். 1831-ல் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டுபிடித்த அதே தூண்டல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. இரும்பு வளையத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது சுருளைப் போனுக்குள் வைத்து, நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் மின்னோட்டத்தின் திசையை மாற்றுகிறீர்கள். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டி மின்சாரம் போகிறது.

அந்தச் சில மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்ச்சுருளின் காந்தப்புலத்தில் எத்தனை பங்கு மேல்சுருளின் வழியாகப் போகிறது என்பதை வைத்தே எல்லாம் தீர்மானமாகும். போனை நடுவில் வைத்தால் பெரும்பங்கு போகும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி வைத்தால், அல்லது தடித்த உறையோடு வைத்தால், அந்தப் பங்கு குறையும். அதே அளவு மின்சாரத்தை மேலே அனுப்பக் கீழ்ச்சுருள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். செம்பு சூடாகும், சுருளை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் சூடாகும், போனின் முதுகுப்பக்கமும் சூடாகும். நேராக அமர்ந்த போனுக்குச் சுவரில் எடுத்ததில் முக்கால் பங்கு வரை போய்ச் சேர்வதும் உண்டு; கோணலாக அமர்ந்தால் பாதிக்கு இறங்குவதும் உண்டு. இரண்டு நிலையிலும் திரையில் வரும் சின்னம் ஒன்றேதான். காலையில் இரண்டு போனும் நூறு சதவீதம் காட்டும். ஒன்று எடுத்துக்கொண்ட மின்சாரம் மற்றதைவிட எவ்வளவு அதிகம் என்று வைத்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

தட்டுக்குத் தெரியும் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். போன்களின் வயர்லெஸ் சார்ஜிங்குக்கான சீ (Qi) என்ற உங்கள் தரவிதியிலேயே அதற்கு ஏற்பாடு இருக்கிறது. போனுக்கும் தட்டுக்கும் நடுவில் சாவியோ நாணயமோ சிக்கினால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி, தொட்டால் சுடும் அளவுக்குப் போகும். அதைக் கண்டுபிடிப்பதற்காக, தான் எத்தனை வாட் வாங்கினேன் என்று சில நொடிக்கு ஒருமுறை போன் தட்டுக்குச் செய்தி அனுப்புகிறது. தட்டு, தான் அனுப்பியதிலிருந்து அதைக் கழித்துப் பார்க்கிறது. வித்தியாசம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், நடுவில் உலோகம் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டி நிறுத்திவிடுகிறது. ஆக, இழப்பு எவ்வளவு என்ற கணக்கு ஒவ்வொரு தட்டுக்குள்ளும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. போட்ட கணக்கைக் காசு கொடுத்து வாங்கியவரிடம் சொல்வதில்லை.

ஒரு போனுக்கு என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு போன் பேட்டரி ஏறக்குறைய 15 வாட்-மணி கொள்ளும். கம்பியில் ஏற்றுவதைவிட ஒரு முழு சார்ஜுக்கு 5 வாட்-மணி கூடுதலாக வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒருமுறை என்றால் வருடத்துக்கு இரண்டு யூனிட் கூட வராது. எந்த வீட்டு மின்கட்டணத்திலும் அது கண்ணில் படாது. ஆனால் நீங்கள் எழுதும் விதி ஒரு வீட்டுக்கானது இல்லையே. நூறு கோடிப் போன்கள் இப்படி ஏற்றப்பட்டால் அதே கணக்கு வருடத்துக்கு 180 கோடி யூனிட் ஆகிவிடும். இது நான் போட்ட உத்தேசக் கணக்கு. சரியான எண்ணைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான். அப்புறம் அந்த வீணான மின்சாரம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பகுதி சூடாக மாறிப் போனுக்குள்ளேயே இறங்குகிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சூட்டோடு சூடாக நிரப்பி நிரப்பியே வைத்தால் அதன் கொள்ளளவு சீக்கிரம் தேயும். போன் சூட்டைக் கண்டு பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், பெட்டியில் போட்ட 15 வாட் என்பதும் பாதி நேரம் வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது.

எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் துறைக்குப் புதிய பழக்கம் எதையும் கற்றுக்கொடுப்பதாகாது. இந்தத் துறையை வளர்த்தவர்கள் எல்லோரும் எண்ணைச் சொன்னவர்கள். 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மரின் சொல்யாசிச்சும் அவருடைய குழுவினரும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்த 60 வாட் பல்பைக் கம்பியில்லாமல் எரியவைத்தார்கள். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு செம்புச் சுருள்கள். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும்படி, ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கப்பட்டவை. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. 40 சதவீத செயல்திறன் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அது சுருளிலிருந்து சுருளுக்குப் போன கணக்கு. அந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்து பாருங்கள்: சுருளை இயக்கிய சர்க்யூட் சுவரிலிருந்து 400 வாட் எடுத்தது என்றும், ஆகவே சுவரிலிருந்து பல்பு வரையிலான மொத்த செயல்திறன் 15 சதவீதம்தான் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. எழுதினார்கள். அதனால் அவர்களின் சாதனை ஒரு மாற்றும் குறையவில்லை. எங்கே இழக்கிறோம், அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது.

அதற்கும் முன்னால் வில்லியம் பிரௌன். ரேதியான் நிறுவனத்துப் பொறியாளர். 1964-ல் பெட்ரோலும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல், தரையிலிருந்து அனுப்பிய நுண்ணலைக் கற்றையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு குட்டி ஹெலிகாப்டரைப் பத்து மணிநேரம் அந்தரத்தில் நிறுத்தியவர். நுண்ணலையை வாங்கி நேர்மின்னோட்டமாக மாற்றும் ஆன்டெனாவை உருவாக்கியவரும் அவர்தான். 1975-ல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் அவரும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டிக்கின்சனும் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் அனுப்பிக் காட்டினார்கள். 26 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா அனுப்பியது. எதிரே கோபுரத்தில் தொங்கிய 24 சதுர மீட்டர் தட்டி வாங்கியது. தட்டியின் மேல் விழுந்த நுண்ணலையில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாறியது. பிரமாதமான எண். ஆனால் அனுப்பும் முனையில் இருந்த அலைபரப்பியின் திறன் 450 கிலோவாட். கற்றை விரிந்து போனதில் பெரும்பகுதி தட்டிக்கு வெளியே போய்விட்டது. இரண்டு எண்ணும் உண்மைதான். எதில் 80 சதவீதம் என்று கேட்டால்தான் முழுக்கதை புரிகிறது. பிரௌன் குழுவினர் அதே ஆண்டில் ஆய்வகத்துக்குள், நேர்மின்னோட்டத்தில் தொடங்கி நேர்மின்னோட்டத்தில் முடியும் முழுப் பாதையையும் அளந்து 54 சதவீதம் என்று தனியாகச் சொன்னார்கள். எதிலிருந்து எது வரை என்று சேர்த்துச் சொல்வதுதான் முறை. இதைத்தான் பெட்டியிலும் கேட்கிறேன்.

எண் இல்லாமல் வாக்குறுதி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உங்கள் வரலாற்றிலேயே ஆள் இருக்கிறார். நிகோலா டெஸ்லாவை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்று உலகம் ஓடுவதே அவர் வளர்த்த மாறுதிசை மின்னோட்டத்தில்தான். 1891-லேயே நியூயார்க்கில் மேடையில் கம்பி இணைப்பே இல்லாத கண்ணாடிக் குழாய்களைக் கையில் பிடித்து ஒளிரவைத்துக் காட்டினார். 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பரிசோதனைகள். 1901-ல் லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரம், 57 மீட்டர் உயரம், வங்கியாளர் ஜே.பி. மார்கனின் 1,50,000 டாலர் பணத்தில். முதலில் செய்திகளை அனுப்புவதாகத் தொடங்கிய திட்டம் போகப் போக உலகத்துக்கே மின்சாரம் அனுப்புவதாக விரிந்தது. மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. 1917-ல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள். எந்தத் தூரத்தில் எத்தனை வாட் போய்ச் சேர்ந்தது என்று மற்றவர் சரிபார்க்கக்கூடிய ஓர் அளவீடு அந்தக் கோபுரத்திலிருந்து நமக்குக் கிடைக்கவே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நூறு வருடமாகக் கட்டுக்கதைகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. இலவச மின்சாரத்தை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் கோபித்துப் பயனில்லை. எண்ணைச் சொல்லாத இடத்தை மனிதர்கள் கதையால்தான் நிரப்புவார்கள்.

இப்போது புதிதாக வரும் விளம்பரங்களுக்கு வருகிறேன். அறைக்குள் நுழைந்தாலே போன் தானாக சார்ஜ் ஆகும், எங்கும் வைக்க வேண்டாம், எதையும் செருக வேண்டாம் என்று சொல்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவி எல்லாத் திசையிலும் 1 வாட் ரேடியோ அலையை அனுப்புகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறோம். அந்த ஒரு வாட், இரண்டு மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்தின் பரப்பில், அதாவது ஏறக்குறைய 50 சதுர மீட்டரில், பரவிவிட்டது. போனின் முதுகுப்பரப்பு ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன் மேல் விழுவது 0.2 மில்லிவாட். 15 வாட்-மணி பேட்டரியை அதைக் கொண்டு நிரப்ப 75,000 மணிநேரம் ஆகும். எட்டு வருடத்துக்கு மேல். அதுவும் விழுந்த அலை முழுவதும் ஒரு துளி வீணாகாமல் மின்சாரமாக மாறினால்.

சரி, அலையைக் கற்றையாகக் குவித்து அனுப்பலாமே என்றால், அனுப்பலாம். அங்கே வேறொரு சுவர் எழுந்து நிற்கிறது. மனித உடல் முழுவதும் படும் நுண்ணலைக்குப் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் வகுத்திருக்கும் பொதுமக்களுக்கான வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். அந்த வரம்பின் விளிம்பு வரை போனாலும் போனின் முதுகில் விழுவது 0.1 வாட். பேட்டரி நிரம்ப ஆறு நாளுக்கு மேல். வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் ஆள் குறுக்கே வராத பாதையில் மட்டும் கற்றையை ஓட்டி, யாராவது நெருங்கினால் உடனே அணைக்கும் ஏற்பாடு வேண்டும். அது செய்ய முடியாத காரியம் இல்லை. செய்து காட்டுங்கள், கூடவே எத்தனை மீட்டரில் எத்தனை வாட் சேர்ந்தது, அதற்குச் சுவரிலிருந்து எத்தனை வாட் எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மே 2025-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பா லேசர் கொண்டு 8.6 கிலோமீட்டருக்கு மின்சாரம் அனுப்பியபோது, 800 வாட்டுக்கு மேல், 30 விநாடி என்று தூரம், திறன், நேரம் மூன்றையும் சேர்த்தே அறிவித்தது. ராணுவமே சொல்லும்போது ஒரு போன் சார்ஜர் சொல்லத் தயங்குவானேன்?

ரேடியோ அலையில் மின்சாரம் அனுப்புவதற்கு அதற்கே உரிய நல்ல இடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணுகல் அட்டையைக் கதவருகே காட்டும்போது உள்ளே இருக்கும் சில்லுக்கு உயிர் கொடுப்பது கதவிலிருக்கும் வாசிப்பான்தான். அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஒரு பாலத்தின் விரிசலைக் கண்காணிக்கும் உணரிக்கோ, குளிர்ப்பெட்டிக்குள் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சில்லுக்கோ மைக்ரோவாட் கணக்கில் மின்சாரம் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான பொத்தான் பேட்டரிகளை மாற்றிக் குப்பையில் போடும் வேலை மிச்சம். பசி சின்னதாக இருக்கும் இடத்தில் இந்த வழி அருமையாகப் பொருந்தும். அதைப் போனுக்கு என்று விற்கும்போதுதான் சிக்கல்.

இழப்பு இருந்தாலும் பரவாயில்லை, கம்பி மட்டும் கூடாது என்கிற இடங்களும் உண்டு. மனித உடல் அதில் முதலாவது. 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் பதித்த பேஸ்மேக்கரின் பேட்டரியை வெளியிலிருந்து, தோலுக்கு மேல் ஒரு சுருளை வைத்து, தூண்டல் முறையில்தான் சார்ஜ் செய்தார்கள். செவித்திறனுக்காகக் காதுக்குள் பதிக்கும் கருவிகளுக்கு இன்றும் தோலைத் தாண்டி இப்படித்தான் மின்சாரமும் ஒலிச்செய்தியும் சேர்ந்து போகின்றன. இதயத்துக்குத் துணையாகப் பதிக்கும் பம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கேபிள் வெளியே வருகிறது. அந்தத் துளை ஆறுவதே இல்லை. கிருமித்தொற்று எப்போதும் வாசலில் நிற்கும். குளிப்பதற்குக்கூட யோசிக்க வேண்டிய வாழ்க்கை. 2001-ல் ஒரு மனிதருக்குப் பொருத்திய அபியோகார் செயற்கை இதயம் தோலைத் துளைக்காமலேயே மின்சாரம் வாங்கியது. அந்த வழி எல்லா இதய பம்புகளுக்கும் வந்தால் எத்தனை பேருக்கு நிம்மதி! கவனியுங்கள், உடலுக்குள் பதிக்கும் கருவி சுற்றியிருக்கும் உடலின் வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று மருத்துவக் கருவிகளுக்கான தரவிதி சொல்கிறது. அங்கே இழப்பை மறைக்க வழியே இல்லை. வீணாவது ஒவ்வொரு வாட்டும் சதையில் சூடாக இறங்கும் என்பதால் அதை அளந்தாக வேண்டும். அளந்தார்கள், அதனால்தான் அந்தக் கருவிகள் முன்னேறின.

கார் விஷயத்திலும் அப்படியே. மின்சாரக் கார்களைக் கம்பியில்லாமல் சார்ஜ் செய்வதற்கு அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2954 தரவிதியை உங்களில் பலர் சேர்ந்துதான் எழுதினீர்கள். 85 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இயங்கும், 11 கிலோவாட் வரை எடுக்கும். அதற்கான வழிகாட்டுநூலிலேயே, கார் நேராக நின்றால் குறைந்தது 85 சதவீதம், விலகி நின்றால் குறைந்தது 80 சதவீதம் என்று செயல்திறனை எழுதிவைத்தீர்கள். அப்படி எழுதாமல் விட்டிருக்க முடியாது. 11 கிலோவாட்டில் 15 சதவீதம் போனால் ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் காருக்கு அடியில் வெறும் சூடாக வெளியேறும். அதே கைகள், அதே இயற்பியல், அதே இரண்டு சுருள்கள். காருக்கு நேர்நிலைக்கு ஓர் எண், விலகல்நிலைக்கு ஓர் எண் என்று எழுதத் தெரிந்தது. போனுக்கு ஏன் இல்லை?

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. போனுக்குப் போன் சுருள் மாறுகிறது, பேட்டரி மாறுகிறது, தட்டின் பெட்டியில் ஒரே எண்ணை எப்படிப் போடுவது என்பீர்கள். சான்றுக்கு வரும் தட்டுகளைச் சோதிப்பதற்கென்றே உங்கள் ஆய்வகங்களில் போனுக்குப் பதிலாக மின்சாரத்தை வாங்கும் மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. அதை வைத்தே அளக்கலாம். வீட்டிலிருக்கும் போனில் எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும், வந்தால் வரட்டும். குளிர்சாதனப் பெட்டியின் மின்செலவு வில்லையும் ஒரு மாதிரிச் சூழலில் அளந்ததுதான். கதவை எத்தனை முறை திறக்கிறோம் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். அப்படியும் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டு வாங்க அது உதவத்தான் செய்கிறது. எண்ணைப் போட்டால் வாங்குபவர் குழம்புவார் என்றும் சிலர் சொல்வார்கள். வாட், மில்லிஆம்பியர்-மணி, மெகாபிக்சல் என்று ஏற்கெனவே எத்தனையோ எண்களைப் பெட்டியில் போட்டுப் பழக்கியவர்கள் நீங்கள். சதவீதம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

உங்களால் ஒன்றுகூடி முடிவெடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். 2010-ல் சீ முதல் பதிப்பு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் எதிரே வேறு கூட்டணிகளும் கிளம்பின. ஒரு தட்டில் ஏறும் போன் இன்னொன்றில் ஏறாது. இன்று அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. எந்தத் தட்டில் எந்தப் போனை வைத்தாலும் பேசிக்கொள்கின்றன. போட்டி நிறுவனங்களை ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சாதித்தது அது. 2023-ல் வந்த இரண்டாம் தலைமுறை விதியில் காந்த வளையத்தைச் சேர்த்தீர்கள். போனைக் கொண்டுபோனாலே தானாகக் கவ்விக்கொண்டு நடுவில் அமர்கிறது. விலகி வைப்பதால் வரும் இழப்பில் பெரும்பகுதியை ஒரு வளையக் காந்தம் தீர்த்துவைத்தது. நான் பார்த்தவரை கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் சார்ஜிங் தட்டுக்கு நடந்த மிக நல்ல காரியம் அதுதான். அந்த நல்ல காரியத்தைக்கூட நீங்கள் எண்ணால் சொல்லிக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். காந்தம் இல்லாத தட்டில் இவ்வளவு, காந்தம் உள்ள தட்டில் இவ்வளவு என்று பெட்டியிலேயே இருந்திருந்தால் மக்கள் அதைத் தேடி வாங்கியிருப்பார்கள். நல்ல தட்டைச் செய்பவருக்கு அதற்கான பெயர் இப்போது கிடைப்பதில்லை. மட்டமான சுருளும் மெல்லிய ஃபெரைட்டும் வைத்து அதே 15 வாட்டை அச்சிடுபவர் பக்கத்திலேயே நின்று விற்கிறார்.

ஆகவே அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி நான் கேட்பது இதுதான். அளவீடு சுவர் பிளக்கில் தொடங்கி பேட்டரி முனையில் முடிய வேண்டும். அடாப்டரை விட்டுவிட்டுத் தட்டிலிருந்து தொடங்கினால் மறுபடியும் எதில் 80 சதவீதம் என்ற கேள்விதான் வரும். ஏதோ ஒரு நிமிடத்து உச்ச எண் வேண்டாம். காலியிலிருந்து முழுவதும் நிரம்பும் வரை எடுத்ததையும் சேர்ந்ததையும் வாட்-மணியில் கூட்டி வகுக்க வேண்டும், ஏனென்றால் கடைசி இருபது சதவீதம் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போதுதான் தட்டு அதிகம் வீணடிக்கிறது. விலகல் எத்தனை மில்லிமீட்டர், உறையின் தடிமன் எவ்வளவு என்பதை நீங்களே நிர்ணயித்து எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். சும்மா செருகியிருக்கும்போது எடுப்பதை மில்லிவாட்டில் போடுங்கள்; பல தட்டுகள் வருடம் முழுக்கப் பிளக்கை விட்டு இறங்குவதே இல்லை. தூரத்திலிருந்து சார்ஜ் ஆகும் என்று சொல்லிச் சான்று கேட்டு வருபவர்களுக்கு, எத்தனை மீட்டரில் எத்தனை வாட் என்பதைச் சொல்லாமல் சான்று கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இதற்குப் பெட்டி அச்சகம் வரை போக வேண்டிய அவசியம்கூட இல்லை. தட்டு இப்போதே போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கழித்தல் கணக்கைப் போனுக்குத் திருப்பி அனுப்ப ஒரு செய்தி வகையை விதியில் சேர்த்தால், திரையில் சார்ஜ் சின்னத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண் வந்துவிடும். போன் கோணலாக இருந்தால் 52 என்று காட்டட்டும். கொஞ்சம் நகர்த்தினால் 74 ஆகட்டும். வைத்திருப்பவர் தானாக நகர்த்தி வைப்பார். புதிய சுருள் வேண்டாம், புதிய சில்லு வேண்டாம். பெரும்பாலும் மென்பொருளிலேயே முடிந்துவிடக்கூடிய வேலை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்ஜிங் தட்டை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர்